ரிவர்ஸ் வழுக்கினால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1973 மாடல் செவ்ரோலே நோவா இருக்கிறது. டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சில மாதங்களாக ரிவர்ஸ் விழத் தாமதமாகிறது; விழுந்தாலும் இன்ஜின்தான் கத்துகிறது, வண்டி நகர்வதில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போதும் இதே கதை. ஒன்று, இரண்டு கியர்களில் இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாமதமாக, வெடுக்கென்று மாறுகிறது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது. இரண்டு வாரம் நிறுத்திவைத்து எடுத்தால் டிரைவ்கூடப் பத்து விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது. ஒரு மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் மெஷின் வைத்து ஃபிளஷ் செய்தால் போதும் என்கிறார். மூன்றாமவர் இதைக் கொடுத்துவிட்டு, ரீபில்ட் செய்து, அதாவது பிரித்துப் புதுப்பித்து, தயாராக இருக்கும் வேறொன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் கியர்பாக்ஸைத் திறந்து வேலை செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்களுடையதையே திறக்க வேண்டும், அதுவும் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு.

முதலில் அந்தப் பத்து விநாடித் தாமதம். இதை வைத்துத்தான் பம்ப் போச்சு என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். நாள்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில் கன்வர்ட்டருக்குள் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் மெல்ல மெல்லக் கீழே உள்ள ஆயில் தட்டான பானுக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் முதலில் காலியான கன்வர்ட்டரை நிரப்ப வேண்டும். அதுவரை கிளட்சுகளுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. அது பழுதே அல்ல. சோதிப்பது எளிது: நீண்ட நாள் நின்ற வண்டியில், இன்ஜினைப் போடும் முன்பே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஃபுல் கோட்டுக்கு மேலே எங்கோ காட்டும். இன்ஜினைப் போட்டு ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டுப் பாருங்கள், இறங்கியிருக்கும். அதன்பின் அன்று முழுவதும் டிரைவ் உடனே பிடிக்கிறதென்றால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். காலையில் கியரைப் போட்டதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து எழுப்பப் பார்ப்பதுதான் கெடுதல். அழுத்தம் ஏறும் அந்த நொடியில் கிளட்ச் பிளேட்டுகள் பாதிப் பிடியில் தேயும். பொறுங்கள், தானாகப் பிடிக்கும். ஆனால் உங்கள் ரிவர்ஸ் தாமதத்தை இதில் சேர்க்க முடியாது. அது வண்டி சூடான பிறகும் இருக்கிறது, மூன்றாம் கியரும் கூடவே வழுக்குகிறது.

இந்த கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கும் மூன்றாம் கியருக்கும் பொதுவாக வேலை செய்வது டைரக்ட் கிளட்ச். முதல், இரண்டாம் கியர்களுக்கு அது தேவையில்லை. அந்த இரண்டும் நன்றாக இருந்து, மற்ற இரண்டும் சேர்ந்து வழுக்கினால் சந்தேகம் நேராக அங்கேதான் போகும். ரிவர்ஸுக்குத் துணை நிற்கும் இன்னொரு கிளட்ச் உண்டு, லோ-ரிவர்ஸ் கிளட்ச். ஆளில்லாத சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் லீவரை லோவில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். இன்ஜின் இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் அந்தக் கிளட்ச் சரி. எஞ்சியது டைரக்ட் கிளட்ச் உட்கார்ந்திருக்கும் உருளை, டைரக்ட் ட்ரம். அதற்குள், பிளேட்டுகளை அழுத்தும் பிஸ்டனுக்கு, ஓரத்தில் உதடு போன்ற மூன்று ரப்பர் லிப் சீல்கள் இருக்கின்றன. இவ்வளவு காலச் சூட்டில் அவை பிளாஸ்டிக் போல இறுகியிருக்கும். இறுகிய சீல் சுவரோடு ஒட்டாது. அழுத்தம் ஓரமாக வழிந்துவிடும், பிளேட்டுகள் வழுக்கிக் கருகும்.

ஆனால் ஆயில் எங்கே போகிறது? கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சிறு உலோக டப்பா திருகியிருக்கும். அதிலிருந்து ரப்பர் ஹோஸும் உலோகக் குழாயுமாக ஓர் இணைப்பு இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். அதுதான் வேக்குவம் மாடுலேட்டர்; இன்ஜினின் உறிஞ்சலை (வேக்குவம்) வைத்து ஆயில் அழுத்தத்தையும் கியர் மாறும் நேரத்தையும் சரிசெய்வது. ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியின் நுனியை உள்ளே விட்டு எடுங்கள். துணி கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தில் சிவந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது, உங்கள் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை, தாமதமாக வெடுக்கென்று மாறும் கியர், ஒழுகாமலே குறையும் ஆயில், மூன்றும் இந்த ஒரே கிழிசலால் வரும். ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுத்த நாள்களில்தான் இறுகிய சீலுடன் திணறிக்கொண்டிருந்த டைரக்ட் கிளட்ச் கருகியிருக்கும். மாடுலேட்டர் மலிவான பாகம், காரின் அடியிலிருந்தே அரை மணி நேரத்தில் மாற்றலாம். அதை மாற்றாமல் உள்ளே எவ்வளவு செலவழித்தாலும் புதுப் பிளேட்டுகளுக்கும் இதே கதிதான். ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். விரிந்த ஹோஸ் வேக்குவத்தை விட்டுவிடும்.

மாடுலேட்டரை மாற்றி, ஆயில் அளவைச் சரிசெய்த பிறகு, கியர்பாக்ஸின் வெளிக்கூடான கேஸின் பக்கவாட்டில் உள்ள பிளக்கில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜைப் பொருத்தி ஒவ்வொரு கியரிலும் அழுத்தம் பாருங்கள். டிரைவைவிட ரிவர்ஸில் முள் தெளிவாக மேலே நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் குறைவென்றால் அடைத்த ஃபில்டர் அல்லது பம்ப். அழுத்தம் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி இருந்தும் வழுக்கினால் கிளட்ச் கருகியதில் ஐயமே இல்லை. ஆயில் தட்டை (பான்) இறக்கினால் சாட்சி கிடைக்கும்: அடியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு, கறுப்பு நார்த்துகள் இருந்தால் பிளேட், பித்தளை நிறத்தில் மின்னினால் சுழலும் பாகங்களைத் தாங்கும் புஷ், திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கின்றன.

ஃபிளஷ் பற்றி ஒரே வரி: கருகிய பிளேட்டை எந்த ஆயிலும் வளர்க்காது, இறுகிய சீலை எந்த மெஷினும் இளக்காது. சீலை உப்பவைக்கும் பாட்டில் மருந்துகள் சில வாரம் ஏமாற்றும், அவ்வளவுதான்.

இனி அந்த மூன்றாமவர். பழசைக் கொடு, புதுசு வாங்கு என்ற இந்த வியாபாரத்தில்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த கேஸ், மாற்றிய பான் கேஸ்கெட், பின்பக்க சீல் ஒன்று. உள்ளே கையே வைத்திருக்க மாட்டார்கள். பில்லில் ‘முழு ரீபில்ட்’ என்று ஒரே வரி. எந்தப் பாகம் புதிது, எது பழையது என்று எழுதித்தர இவர்கள் முன்வருவதில்லை. ஒவ்வொரு வாஷருக்கும் தனி எண் போட்டுப் பட்டியல் வெளியிடும் தொழிலுக்கு, மாற்றிய பாகங்களை ஒரு தாளில் எழுதமட்டும் கை வருவதில்லை. உத்தரவாதச் சீட்டைக் கேட்டால் கொடுப்பார்கள்; கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் சுத்தம் செய்ததற்கு அத்தாட்சி இல்லை, ஆயில் வேறு என்று அதிலிருந்து நழுவ ஆயிரம் வழி.

அதைவிட மோசம், உங்கள் கேஸ் கைவிட்டுப் போவது. அதில் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறித்திருக்கும். கார் தன் சொந்த கியர்பாக்ஸோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். ஒருமுறை போனால் திரும்பாது. பொருத்தமும் சிக்கல். இந்த ரகத்திலேயே பின்பகுதி 6, 9, 12 அங்குலம் என மூன்று நீளத்தில் வந்தது. தவறானது வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உட்காராது. முன்பக்க போல்ட் அமைப்பும் செவ்ரோலேவுக்கு வேறு, பியூக், போன்டியாக் வகைக்கு வேறு. கன்வர்ட்டருக்குள்ளேயே பூட்டும் கிளட்ச் உள்ள பிற்காலத்து லாக்-அப் ரகத்தை இதுவும் அதுதான் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. அதற்கு கன்வர்ட்டரே வேறு.

உங்களுடையதையே திறக்கும் ஒருவரிடம் போங்கள். இறக்கும் முன் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளும்போதே மூன்றை எழுதி வாங்குங்கள்: கழற்றிய பழைய பிளேட்டுகள், சீல்கள் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும்; கன்வர்ட்டர் மாற்றப்பட வேண்டும்; கூலர் கழுவப்பட வேண்டும். கன்வர்ட்டரை வெட்டித் திறக்காமல் உள்ளே சுத்தம் செய்ய முடியாது. பழைய துகள்களோடு அதையே திரும்பப் போட்டால் புது கிளட்சுக்கு முதல் நாளே அழுக்கு ஆயில்தான். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் இரு திசையிலும் கழுவி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். ஆயில் ரோஸ் நிறத்தில் பால் போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அப்போது ரேடியேட்டரும் மாற்ற வேண்டியதுதான்.

டைரக்ட் கிளட்சை மட்டும் சரிசெய்தால் போதாதா என்பார்கள். போதாது. மற்ற சீல்களுக்கும் அதே வயதுதான். உராய்வுப் பிளேட்டுகள், சீல்கள், கேஸ்கெட்டுகள், ஃபில்டர் எல்லாம் புதிது. ஸ்டீல் பிளேட்டில் நீலப் புள்ளியோ வளைவோ இருந்தால் அதுவும். பம்பைக் கழற்றும் முன் உள்ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் அளக்க வேண்டும், 0.010 முதல் 0.044 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆயிலை அந்தந்த கிளட்சுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியை இறக்கும்போது சிறு எஃகு உருண்டைகள் எங்கே இருந்தன என்று படம் எடுக்காமல் எதையும் அசைக்கக் கூடாது. புதுப் பிளேட்டுகளைக் குறைந்தது அரை மணி நேரம் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். லிப் சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த உதடு மடிந்தால் முழு வேலையும் வீண். மெல்லிய ஃபீலர் பிளேடால் சுற்றிலும் தடவி உதட்டை உள்ளே இறக்க வேண்டும். ஒவ்வொரு உராய்வுப் பிளேட்டுக்கும் சுமார் 0.010 அங்குலம் என்ற கணக்கில் இடைவெளி விட்டு, கடைசியில் 30, 40 பி.எஸ்.ஐ. காற்றை ஆயில் துவாரத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். ‘டப்’ என்று பிடிக்க வேண்டும், ‘ஸ்ஸ்’ என்று கசியக் கூடாது. மூடும் முன் இந்தச் சோதனையை நேரில் நின்று பாருங்கள்.

திரும்ப ஏற்றும்போதுதான் நல்ல ரீபில்டும் நாசமாகிறது. புது கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுழற்றிச் சுழற்றித் தள்ளினால் படிப்படியாக மூன்று முறை உள்ளே இறங்கும். மூன்றாவது இறக்கம்தான் பம்பைப் பிடிப்பது. கேஸின் முகம் இன்ஜினோடு கையாலேயே ஒட்ட வேண்டும். அப்போது கன்வர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும், இன்ஜின் பக்கத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். ஒட்டவில்லையே என்று போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். கழற்றி மறுபடி இறக்குவதுதான் ஒரே வழி.

பான் போல்ட் பதின்மூன்றையும் 12 அடி-பவுண்டுக்கு மேல் இறுக்காதீர்கள். டெக்ஸ்ரான் வகை ஆயில், வெறும் கன்வர்ட்டரோடு மொத்தம் ஒன்பது லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். முதலில் நாலைந்து லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, உடனே தொடர்ந்து ஊற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்திலும் ஒரு முறை நிறுத்தி எடுங்கள். நன்றாகச் சூடான பிறகு, இன்ஜின் ஓட, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கில் கடைசி அளவு. எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் பானை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கறுப்புத் துகள் மீண்டும் தெரிந்தால் வண்டியை மேலே ஓட்டாமல், அந்தப் பானோடு வேலை செய்தவரிடமே போய் நில்லுங்கள்.