டெல்டா களிமண்ணில் ஆவாரை வளருமா? வைத்த கன்றெல்லாம் மழைக்காலத்தில் பட்டுப்போகிறதே?

வளரும். ஆவாரை கோடை வறட்சியைத் தாங்கிவிடும், ஐப்பசி அடைமழையில் வேரைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் களியில் குழி வெட்டி நட்டால், அந்தக் குழித் தண்ணீர் வடியவே வடியாது.

அதனால் குழி வேண்டாம், மேடு போடுங்கள். அடியில் அரை அடிக்குச் செங்கல் ஜல்லி. அதன்மேல் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல் கலந்து ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம். தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். உரம் கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். நாள் முழுக்க வெயில் விழும் இடமாக இருக்கட்டும்.

விதைப்பு தை கடைசியில். ஆடியில் போட்டால் மழை வரும்போது செடி பிஞ்சாகவே இருக்கும். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதிக்கு மேல் முளைக்காது. கொதித்த தண்ணீரை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியதை மட்டும் அரை அங்குல ஆழத்தில், மேட்டுக்கு மூன்றாக ஊன்றவும். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். முளைத்தபின் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஆணிவேர் சீக்கிரம் இறங்கும், பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

நர்சரியில் வாங்குவதானால் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் மாதிரி அகலமான இலையடிச் செதில் இருந்தால்தான் ஆவாரை. மஞ்சள் பூ என்பதற்காக வேறு கொன்றையைக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. ஆறு மாதத்துக்கு மேல் ஊற்றவே வேண்டாம். உச்சிவெயிலில் வாடி சாயங்காலம் தெளிந்தால் கவலையில்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே தொங்கி, அடியிலை மஞ்சளானால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. உடனே பக்கத்தில் வாய்க்கால் கீறி வடித்துவிடுங்கள்.

ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் புதுக்கிளையில் நிறையப் பூக்கும்.

பச்சைப்புழு இலையைத் தின்னும், மருந்தடிக்காதீர்கள். அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகும் புழு. செடி திரும்பத் துளிர்த்துவிடும். மருந்தடித்தால் கருவண்டும் வராது. இந்தப் பூவில் அதுதான் மகரந்தப்பையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அது வராவிட்டால் காய் பிடிப்பது கஷ்டம்.