நாடாளுமன்றத்தில் ஓட்டே போடாத விதி செல்லுமா?

குடியாத்தத்தில் சிறிய பீடி கம்பெனி நடத்தும் வாசகர் கேட்கிறார்: "எச்சரிக்கைப் படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று டெல்லியில் அதிகாரிகளே எழுதி அரசிதழில் போட்டுவிடுகிறார்கள். எம்.பி.க்கள் ஓட்டே போடவில்லை. இது செல்லுமா? யார் தட்டிக்கேட்பது? பழைய லேபிள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது."

செல்லும். 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 31ஆவது பிரிவு, விதி எழுதும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. அதே பிரிவின்படி விதியை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும். இரண்டும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். அதுவரை விதி விதிதான்.

வைக்கிற விதியையெல்லாம் எல்லா எம்.பி.யும் உட்கார்ந்து படிக்க முடியாது. அதற்குத்தான் மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 15 பேர் கொண்ட, விதிகளைச் சோதிக்கும் குழுக்கள் (Committee on Subordinate Legislation). மக்களவைக் குழுவில் அமைச்சருக்கு இடமில்லை. தாய்ச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டியிருக்கிறதா, முன்தேதியிட்டிருக்கிறதா, அவையில் வைக்கக் காரணமில்லாமல் தாமதித்தார்களா என்று துருவுவார்கள்.

உங்கள் தொழிலிலேயே இது நடந்தது. பெட்டியின் முகப்பில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை பிடிக்க வேண்டும் என்ற விதி 2014 அக்டோபரில் வந்தது. மக்களவைக் குழு கையிலெடுத்ததால் 2015 ஏப்ரலில் அமலாகாமல் தள்ளிப்போனது. சிகரெட் பெட்டிக்கு 50 சதவீதம் போதும் என்று 2016 மார்ச்சில் குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, ஏப்ரல் 1 முதல் 85 சதவீதமே அமலானது. குழு பரிந்துரைக்கத்தான் முடியும், ரத்து செய்ய முடியாது. அந்தக் குழுவில் பீடித் தொழிலதிபர் ஒருவரே உறுப்பினராக இருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

நீங்கள் அனுப்பிய பீடிக்கட்டைப் பார்த்தேன். தலை தடித்து, அடி குறுகிய கட்டு. சுற்றி ஒட்டியதில் படத்தின் ஓரம் மடிப்புக்குள் போய்விட்டது. "படம் பெரிது" என்று மட்டும் எழுதினால் குழுவில் எடுபடாது. அந்தப் படத்தின் நோக்கம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. விதியின் எந்த வாசகம் இந்த வடிவக் கட்டில் இடிக்கிறது என்று எண்ணோடு குறித்து, மக்களவைச் செயலகம் வழியாகக் குழுவுக்கு எழுதுங்கள். வேலூர் எம்.பி.க்கும் ஒரு நகல். விதியை எந்தத் தேதியில் அவையில் வைத்தார்கள் என்று சுகாதார அமைச்சகத்துக்குப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவும் போடுங்கள்.

சரி, பழைய லேபிள்? ஒட்டி ஒரு கட்டுகூட வெளியே விடாதீர்கள். குழுவுக்கு மனு போட்டிருப்பது வழக்கில் காப்பாற்றாது. உரிய எச்சரிக்கை இல்லாமல் தயாரித்தால், 20ஆவது பிரிவில் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.