கேள்வி–பதில்: பின்னணியில் தானே ஓடும் வேலைகள்

கேள்வி: வாய்க்கால் தலைப்பில் நீர்மட்ட சென்சார் வைத்திருக்கிறோம். எலிக்ஸிர் மொழியில் எழுதிய புரோகிராம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்துச் சேமிக்கும். அதற்கு, குறித்த இடைவெளியில் செய்தி அனுப்பும் ‘டைமர்.சென்ட்_இன்டர்வல்’தான் போட்டிருக்கிறேன். சிக்னல் போய்த் திரும்பினால் ஒரே நிமிடத்தில் நாலைந்து அளவுகள் விழுகின்றன. ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முந்தைய வேலை முடிந்ததா என்று சென்ட்_இன்டர்வல் பார்ப்பதில்லை; நேரம் வந்தால் செய்தி அனுப்பிவிடும். சென்சாருக்காக உங்கள் ஜென்சர்வர் (செய்திகளை ஒவ்வொன்றாக வாங்கி வேலை செய்யும் ப்ராசஸ்) 50 நிமிடம் காத்துக் கிடந்தால், அடைத்த மடைக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதுபோல் 5 செய்திகள் சேர்ந்துவிடும். சிக்னல் வந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் ஓடும்.

சென்ட்_இன்டர்வலை எடுத்துவிட்டு, ஜென்சர்வர் கிளம்பும்போது ஓடும் ‘இனிட்’டில் ஒருமுறை, குறித்த நேரம் கழித்து ஒரே ஒரு செய்தி அனுப்பும் ‘ப்ராசஸ்.சென்ட்_ஆஃப்டர்’ போடுங்கள். அந்தச் செய்தியை வாங்கும் ‘ஹேண்டில்_இன்ஃபோ’வில் வேலை முடிந்தபின் மறுபடி போடுங்கள். கணக்கு மில்லிசெகண்டில், 10 நிமிடம் என்றால் 6,00,000. மறுபடி போடும் அந்த வரி, வெற்றி, பிழை என்று பிரிக்கும் ‘கேஸ்’ கிளைகளுக்கு வெளியே இருக்கட்டும். வெற்றிக் கிளைக்குள் மட்டும் வைத்தால், முதல் பிழையோடு வேலை சத்தமில்லாமல் நின்றுபோகும். லாகில்கூடத் தடம் இருக்காது. இந்த முறையில் நேரம் கொஞ்சம் நழுவும். ஒவ்வொரு தடவையும் 8 நொடி பிடித்தால் நாளுக்கு 144 அளவுக்குப் பதில் 142 கிடைக்கும். நீர்மட்டத்துக்கு அது போதும்.

சென்சாரைப் படிக்க 5 நொடி கெடு வையுங்கள். சிக்னல் இல்லாததை விபத்தாக நினைத்து ப்ராசஸைச் சாகவிடாதீர்கள். டெல்டா கிராமத்தில் அது எதிர்பார்த்த நிலைதான். ‘அளவு இல்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த முறைக்குப் போகட்டும். ப்ராசஸ்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் தானே எழுப்பிவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. வேறு மாதிரி அமைக்காவிட்டால் அது 5 நொடிக்குள் 3 தடவைதான் எழுப்பும். நாலாவது முறை விழுந்தால் தானும் விழுந்துவிடும். முதல் அளவை ‘இனிட்’டுக்குள்ளேயே எடுக்காதீர்கள்; அங்கே பிழை வந்தால் அப்ளிகேஷனே கிளம்பாது.

கேள்வி: மேட்டூர் நீர்திறப்பு அளவைக் காலை 6 மணிக்கு விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப எலிக்ஸிரின் ‘ஓபன்’ லைப்ரரியில் கிரான் (நேர அட்டவணை) வைத்தேன். 11.30-க்குத்தான் போகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: எந்த டைம்ஜோன் என்று சொல்லாவிட்டால் ஓபன் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னே. கிரானில் நிமிடம் 30, மணி 0 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் டைம்ஜோன் தரவு லைப்ரரியைச் சேர்த்து ‘ஆசியா/கொல்கத்தா’ கொடுங்கள். இரண்டு சர்வரில் ஓடினாலும் பயமில்லை: ஒரே தரவுத்தளம் என்றால், தலைமை சர்வர் மட்டுமே கிரான் வேலையை வரிசையில் போடும். வெறும் ஜென்சர்வராக இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு எஸ்எம்எஸ் போயிருக்கும்.