கிதார் வாங்கும் முன் கம்பியின் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: பதினொரு வயதாகும் என் மகள் கிதார் கற்றுக்கொள்ள விரும்புகிறாள். இணையத்தில் 38 அங்குல இரும்புக் கம்பி கிதார் ஒன்று, பை, பெல்ட், ட்யூனர் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓசூருக்கோ பெங்களூருக்கோ சென்றால் 8,000 ரூபாய் வரை செலவிடலாம் என்றிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் சென்று வாங்குங்கள். 38 அங்குலம் என்பது தலை முதல் அடி வரையிலான மொத்த நீளமே தவிர, அந்தக் கருவி உங்கள் மகளின் கைக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது. இலவசமாக வரும் பையும் பெல்ட்டும் விலையை நியாயப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படுபவை. அவற்றைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

முதலில் கம்பியின் வகையை முடிவு செய்ய வேண்டும். நைலான் கம்பிகள் விரலுக்கு மென்மையானவை. ஆனால் நைலான் கம்பி பூட்டிய முழு அளவு கிளாசிக்கல் கிதாரின் கழுத்து, தலைப்பகுதியை ஒட்டிய இடத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்பதால் சிறிய கைகள் எட்டுவதற்குச் சிரமப்படும். இரும்புக் கம்பி கிதாரில் அந்த அகலம் சுமார் 43 மில்லிமீட்டர்தான் என்றாலும், கம்பிகளின் இழுவிசை மிகுதியாக இருப்பதால் முதல் சில வாரங்கள் விரல் நுனி நன்றாகவே வலிக்கும். இந்த வயதுக்கு, முக்கால் அளவிலோ எட்டில் ஏழு பங்கு (7/8) அளவிலோ உள்ள நைலான் கிதாரையே நான் பரிந்துரைப்பேன்; யமஹாவின் சி.எஸ்.40 அத்தகையது. திரைப்பாடல்களுக்குக் கார்டு (chord – பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) வாசிப்பதே அவளுடைய ஆசை என்றால், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இரும்புக் கம்பிக்குச் செல்லலாம். நைலானுக்காகச் செய்த கருவியில் பிற்பாடு இரும்புக் கம்பியை மாட்டிவிடக் கூடாது. அந்த இழுவிசையில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

கடையில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது கம்பிக்கும், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பார்ப்பதில்தான். ஓர் அளவுகோலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அந்த இடைவெளி இரும்புக் கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவிலும், நைலானுக்கு நான்கு மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் நல்லது. மலிவான கிதார்களில் இது பெரும்பாலும் கூடுதலாக இருப்பதால், அழுத்த முடியாமல் திணறும் பிள்ளை தனக்கு இசை வராது என்று நினைத்துக் கருவியை மூலையில் வைத்துவிடுகிறது. அடுத்து, கம்பியை எங்கும் அழுத்தாமல் ஒரு முறையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முறையும் மீட்டி, கைபேசியிலுள்ள ட்யூனர் செயலி இரண்டுக்கும் ஒரே ஸ்வரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். விலகல் இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளில் வாசிப்பதெல்லாம் அபஸ்வரமாகவே ஒலிக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்கேனும் இரைகிறதா என்றும் கேளுங்கள்.

திரும்பும் வழியில் சாப்பிட இறங்கினால், வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பசை இளகிப் பிரிட்ஜ் மேலெழுந்த கிதாரை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிதாரின் கழுத்தடியில் விரிசல் இருந்தது. இசைக்கருவிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?
– ஒரு கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: ஓசை பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தருவது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்பித் தருவது வேறு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகும்; ரசீதில் காலவரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. விரிசலின் படங்களுடன் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பயனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால், விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை கிதார் வந்த பெட்டியையும் அதன்மீது ஒட்டியிருந்த சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.