1 கொரிந்தியர் 14:34-35 பவுல் எழுதியதுதானா?

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்கிறது, புதிய ஏற்பாட்டில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 14:34-35. அதே நிருபத்தின் 11:5-இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொண்டு, தலையை மூடுவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார். கேள்வி இந்த முரணிலிருந்துதான் எழுகிறது.

முதலில் கையெழுத்துப் பிரதிகள். கி.பி. 200-ஐ ஒட்டிய பாப்பிரஸ் 46 உட்படப் பெரும்பாலானவற்றில் இவ்விரு வசனங்களும் 33-க்குப் பின் வருகின்றன. கிளாரோமொன்டானஸ் முதலான சில கிரேக்க-லத்தீன் பிரதிகளில் 40-க்குப் பின். ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பைப் பின்வந்த எழுத்தர்கள் வெவ்வேறு இடங்களில் உள்ளே சேர்த்திருக்கலாம் என்பது இடைச்செருகல் வாதம். புதிய ஏற்பாட்டு அறிஞர் கார்டன் ஃபீ 1987-இல் வெளியிட்ட விளக்கவுரையில் இதை விரிவாக முன்வைத்தார். இதன் பலவீனம்: இவ்வசனங்களே இல்லாத பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

34-35-இல் கொரிந்தியர் சொன்னதை எடுத்துச் சொல்லி, 36-இல் பவுல் மறுக்கிறார் என்றும் சிலர் வாசிக்கிறார்கள். ஆனால் 6:12 போன்ற இடங்களில் அவர் எடுத்தாளுவது குறுகிய முழக்கங்களை; இது நீளம்.

மூன்றாவது வாசிப்பு, தடை ஒரு குறிப்பிட்ட பேச்சுக்கு மட்டும் என்பது. 28-இல் அந்நியபாஷை பேசுகிறவரையும், 30-இல் தீர்க்கதரிசியையும் குறிப்பிட்ட சூழலில்தான் பவுல் அமைதியாக இருக்கச் சொல்கிறார். 'வீட்டில் புருஷரிடம் கேட்கட்டும்' என்ற 35-ஆம் வசனமும் கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்பதையே சுட்டுகிறது. பிரதிச் சான்றோடு மோதாததால் இதுவே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும் 34-இல் வரும் 'வேதமும் அப்படியே சொல்லுகிறது' எந்த வசனத்தைக் குறிக்கிறது என்பது இதிலும் தீராத சிக்கல். ஆதியாகமம் 3:16 (கணவன் மனைவியை ஆளுவான் என்ற வசனம்) என்பது ஊகம்தான்.