கார் கேள்வி–பதில்: நின்றுபோன டர்போவைக் கிளப்புவது

கேள்வி: 2005-ம் வருட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய ஓலைக் கொட்டகையில், சீமைக்கருவேல மரத்தடியில் நான்கு வருடம் நின்ற வண்டி. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிக்கலாம், கிளம்பாவிட்டால் தள்ளிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: இரண்டுமே வேண்டாம். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அதன் தண்டு ஆயில் படலத்தில் மிதந்தபடி, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. இத்தனை வருடத்தில் அந்த ஆயில் வடிந்து போயிருக்கும். ஆயில் பிரஷர் வருவதற்கு முன் என்ஜின் ஓடினால் பேரிங் போய்விடும். வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாகத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் இன்னொரு பயம். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி (என்ஜின் முக்கியத் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள். நீளக் குழாய் மாட்டி நெம்பக் கூடாது. தாராளமாகச் சுற்றினால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது ஆயில். பழையதை வடித்துப் புதியதை ஊற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த 1.8 டர்போவின் தீராத வியாதியே ஆயில் கெட்டியாகிக் கரிச்சேறாவதுதான். அது சம்ப்புக்குள் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துக்கொள்ளும். அதனால் சம்ப்பை இறக்கியே ஆக வேண்டும். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப், சூடான எக்ஸாஸ்ட் பக்கமாகப் போவதால் உள்ளே கரி பிடித்திருக்கும். சுத்தம் செய்து பார்க்காமல் புதிதாகவே போடுங்கள். டர்போ விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. பிறகு புது ஃபில்டரோடு, வி.டபிள்யூ. (ஃபோக்ஸ்வாகன்) 502.00 தரமுள்ள 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் சுமார் 4.5 லிட்டர்; கடைசி அளவை டிப்ஸ்டிக் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏர் ஹோஸைக் கழற்றி டர்போ விசிறியை விரலால் சுற்றுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. அப்படியே ஹோஸுக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். டர்போ தரும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கம்பி உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தால் பூஸ்ட் அளவு மீறும், இல்லாவிட்டால் பூஸ்டே வராது.

டேங்கில் இருப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுத்துத் தண்ணீரை அடியில் தங்கவிட்டிருக்கும். முழுவதும் வடித்துவிடுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப்பை வெளியே எடுத்துப் பார்த்து, ஃபில்டரை மாற்றி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

உங்கள் வண்டியில் நான் அதிகம் கவலைப்படுவது வைப்பருக்குக் கீழே உள்ள தட்டைப் பற்றி. கருவேலத்தின் பொடி இலைகள் அங்கே வடிகால் துளையை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் தேங்கும். என்ஜின் கம்ப்யூட்டர் இருப்பதும் அங்கேதான். இலையை அள்ளிவிட்டு, கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி எர்த் வயரும், என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்க்கப்பட வேண்டும்.

இப்போது பேட்டரி மாட்டலாம். பிளக்குகள் வெளியே, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் கனெக்டர்களும் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸும் கழற்றிய நிலையில், டர்போ ஆயில் பைப்பின் முனையைத் தளர்த்தி, துணி சுற்றி, பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. துணியில் ஆயில் நனைகிற வரை விடாதீர்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பைப்பை இறுக்கிய கையோடு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்துவிடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பார் (அழுத்த அலகு) அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டார்ட் செய்வதைத் தள்ளிப்போடுங்கள். எல்லாம் சரியென்றால் புது பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓட விடுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். பிரேக் ஹோஸ், டாட் 4 பிரேக் ஆயில், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர், அடியில் போகும் இரும்புப் பைப் எல்லாம் பார்த்து முடிக்கும்வரை வண்டி கொட்டகையைத் தாண்டக் கூடாது.

கேள்வி: டர்போ டீசல் ஜீப். கொஞ்ச நாளாக இழுவை இல்லை, கரும்புகை, ஏற்றத்தில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம். டர்போ மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், தொண்டி

பதில்: அவசரப்படாதீர்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குப் போகும் ஹோஸில் எங்கோ காற்று கசிகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகைதான் வரும். என்ஜினை நிறுத்தி, ஹோஸின் ஒரு முனையை அடைத்து, 10 பி.எஸ்.ஐ. அளவில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கிளாம்ப் இருக்கும் மடிப்புகளையும், அலுமினிய இன்டர்கூலரின் ஓரங்களையும் கட்டாயம் பாருங்கள். அலுமினியத்தை உப்பு அரித்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் இன்டர்கூலரை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: கடலோரத்தில் காருக்கு உறை போட்டு மூடுவது நல்லதா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை கெடுதல், உப்பு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். துணி உறை போடுங்கள், அதுவும் வண்டியைக் கழுவிக் காயவைத்த பிறகு. போர்த் தண்ணீர் நம் பக்கம் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் மேலும் உப்பைப் பூசியதாகிவிடும். குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இரண்டு வாளி போதும். அதை அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் முதலில் அடியுங்கள், மேல்பக்கம் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.