'ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப் தி டார்க்?' தொடரின் 'தி டேல் ஆஃப் தி ஃபேண்டம் கேப்' (பேய் டாக்சியின் கதை) பகுதி பார்க்கத் தகுந்ததா?

தகுந்ததுதான், ஆனால் பேய்தான் மிரட்டும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். 1992இல் நிக்கலோடியன் என்ற சிறுவர் டிவி சேனலில் வந்த கனடா நாட்டுத் தொடர் இது. இரவில் காட்டுக்குள் தீ மூட்டி, சில பிள்ளைகள் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இந்தக் கதையைச் சொல்பவன் ஃபிராங்க். கதை பிடித்தால்தான் அவனைக் குழுவில் சேர்ப்பார்கள். அதனாலேயே கதைக்குள் ஒரு பதற்றம் ஒட்டிக்கொள்கிறது.

காட்டில் வழி தவறிய அண்ணன் தம்பி, டாக்டர் விங்க் என்ற விசித்திர மனிதரின் குடிசைக்குப் போகிறார்கள். அவர் போடும் விடுகதை: எடையில்லாதது, கண்ணுக்குத் தெரியும், பீப்பாயில் போட்டால் பீப்பாய் எடை குறையும். அது என்ன? (ஓட்டை. சரி, சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

எனக்குப் பேய் டாக்சியைவிட விங்க்தான் அதிகப் பயம் தந்தார். அந்த நடிப்பு இன்றும் நிற்கிறது. டாக்சிக் காட்சிகளில் செலவு குறைவு என்பது பளிச்சென்று தெரிகிறது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பயத்தை இருட்டும் புகையும் விடை தெரியாத தவிப்புமே உண்டாக்குகின்றன, ரத்தம் அல்ல. இருட்டுக்கு அதிகம் பயப்படும் சின்னப் பிள்ளை என்றால் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.